வீதி வருகிறது, எமது காணிக்கு என்ன வருகிறது?

"சுவாமி, றோட்டு வந்தால் எல்லாருக்கும் நல்லம் எண்டு சொல்லுறாங்கள். அது என்ரை வயலுக்குள்ளாலை வந்தால் எனக்கும் நல்லமோ?"

மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் நடந்த கூட்டத்தில் வயது சென்ற விவசாயி ஒருவர் எம்மிடம் கேட்ட கேள்வி இது. கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இரண்டு தடவை இடம்பெயர்ந்து திரும்பிய அவருக்கு எஞ்சியிருந்தது இரண்டு ஏக்கர் வயல். அன்று எம்மால் அவருக்குச் சரியான பதில் சொல்ல முடியவில்லை. அதைத் தேடிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை. எமது நாட்டின் பெருவீதிகள் எப்படி வந்தன, அவற்றின் விலையை யார் கொடுத்தார்கள், இனி எமது காணியால் வீதி போகுமானால் சட்டம் எமக்கு என்ன இடம் தந்திருக்கிறது என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எழுத்தும் எண்ணும்

வீதியோரக் கிலோமீற்றர் கல்லிலும் பெயர்ப்பலகையிலும் 'ஏ9', 'ஏ35' என்று எழுதியிருப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். 'ஏ' என்பது நகரங்களை இணைக்கும் முதல்தர வீதி. 'பி' என்பது அதற்கு அடுத்தது. இவ்விரண்டு வகையும் தேசிய வீதிகள். ஏறத்தாழ 12,000 கிலோமீற்றர் நீளமான இவற்றை வீதி அபிவிருத்தி அதிகாரசபை பராமரிக்கிறது. 'சீ', 'டீ' வீதிகள் மாகாண சபைக்கு உரியவை. கிராமத்து ஒழுங்கைகளும் உள்வீதிகளும் பெரும்பாலும் பிரதேச சபையின் பொறுப்பு. எந்த வீதி யாருடையது என்று அறியாமல் ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்கு அலைந்தவர்கள் எம்மில் பலர். ஆகவே இதை முதலிலேயே மனதில் இருத்திக்கொள்வது நல்லது.

இந்த வலையின் உருவத்தைக் கவனியுங்கள். ஏ1 கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகிறது. ஏ2 தெற்குக் கரையோரமாகக் காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை என்று போகிறது. ஏ3 வடமேற்கே புத்தளத்துக்குப் போகிறது. ஏ4 இரத்தினபுரி வழியாக நாட்டைக் குறுக்கே கடந்து மட்டக்களப்பை அடைகிறது. 400 கிலோமீற்றருக்கும் கூடுதலான இதுவே இவ்வீதிகளுள் மிக நீளமானது. இந்த நான்கும் கொழும்பில் அல்லது அதன் வாசலில் தொடங்குகின்றன. வடக்கு, கிழக்கு மக்களுக்குப் பழக்கமான ஏ9 கண்டியில் தொடங்கித் தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி ஊடாக யாழ்ப்பாணம் வரை ஏறத்தாழ 320 கிலோமீற்றர் நீளுகிறது. மதவாச்சியிலிருந்து மன்னாருக்கு ஏ14, மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்கு ஏ15, நாவற்குழியிலிருந்து பூநகரி வழியாக மன்னாருக்கு ஏ32, பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஏ35.

தலைநகரிலிருந்து கைவிரல்கள் போல விரிந்து போகும் வலை இது. இப்படி விரிந்ததற்கு ஒரு வரலாறு உண்டு.

யாருடைய தோளில்?

1815இல் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயருக்கு முதலில் தேவைப்பட்டது படை போவதற்கு ஒரு வழி. தேசாதிபதி எட்வேட் பான்ஸ் காலத்தில், 1820களில், கொழும்பு–கண்டி வீதி மலையைக் குடைந்து அமைக்கப்பட்டது. அதை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவாகக் கடுகண்ணாவையில் ஒரு கோபுரம் இன்றும் நிற்கிறது. ஆனால் கல்லுடைத்து மண் சுமந்த கிராமத்தவரின் பெயர் எந்தக் கோபுரத்திலும் இல்லை. அவர்களில் பெருந்தொகையினர் இராசகாரியம் என்ற பழைய ஊழிய முறையின் கீழ்க் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்கள். மன்னர் காலத்தில் காணிக்கு ஈடாகச் செய்யப்பட்ட அந்த ஊழியத்தை ஆங்கில அரசு தன் வீதி வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டது. 1832இல்தான் அது ஒழிக்கப்பட்டது.

ஒழிக்கப்பட்டது வேறொரு வடிவில் திரும்பி வந்தது. 1848இல் கொண்டுவரப்பட்ட வீதிக் கட்டளைச் சட்டத்தின்படி வயதுவந்த ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று சிலிங் பணம் கட்ட வேண்டும். மலைநாட்டு வீதிகளால் பெரிதும் நன்மை பெற்றவர்கள் கோப்பித் தோட்டத் துரைமார். உழைக்க வேண்டியவன் கிராமத்துக் குடியானவன். துப்பாக்கி வரி, நாய் வரி, கடை வரி என்பனவும் அதே காலத்தில் சேர்ந்துகொண்டன. அவ்வாண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இவையே முக்கிய காரணங்கள். இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. கிளர்ச்சித் தலைவர்களுள் ஒருவரான புரன் அப்பு சுட்டுக்கொல்லப்பட்டார்.

வடக்கு நோக்கிய வழிக்கும் ஒரு துயரக் கதை உண்டு. கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளை வரை கால்நடையாகவே போனார்கள். கொலராவாலும் பசியாலும் களைப்பாலும் வழியில் மாண்டவர்கள் பலர். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களின் முன்னோர் அந்த வழியால் நடந்தவர்களே. அதே திசையில் எதிர்ப்புறமாகத் தாமும் நடந்துவந்த கதையை அக்குடும்பங்களில் முதியோர் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

இவற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. வீதி நாட்டுக்கு நன்மை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நன்மையை அனுபவிப்பவரும் அதன் விலையைக் கொடுப்பவரும் ஒருவரேயாக இருப்பதில்லை.

மூடிய வீதியும் திறந்த வீதியும்

வீதியின் அருமையை எமக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1990இல் மீண்டும் போர் மூண்டபோது ஆனையிறவுக்கு ஊடான பாதை அடைபட்டது. யாழ்ப்பாணத்து மக்கள் கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்தார்கள். வெங்காயமும் வாழைக்குலையும் விளைந்த இடத்திலேயே விலை இழந்தன. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் ஏறாத விலை ஏறின. 2002இல் போர்நிறுத்தம் வந்தபோது ஏ9 திறக்கப்பட்டது. 2006 ஓகஸ்ட் 11இல் முகமாலையில் சண்டை தொடங்கியதும் மீண்டும் மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்த பின்னரே பொதுமக்களுக்காக அது படிப்படியாகத் திறந்தது, பின் புனரமைக்கப்பட்டது.

வீதி திறந்ததால் என்ன நடந்தது? யாழ்ப்பாணத்து விளைபொருள் ஒரே இரவில் தம்புள்ளைச் சந்தையை அடையக்கூடியதாயிற்று. 1999இல் அமைக்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் ஏ9 ஓரத்திலேயே இருக்கிறது. வடக்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மரக்கறி லொறிகள் அங்கே சந்திக்கின்றன. ஆனால் வீதி ஒருவழிப்பாதை அல்ல. எமது வெங்காயம் போகும் அதே வீதியால் வெளியூர் மரக்கறி மலிவாக எமது சந்தைக்கு வருகிறது. ஒவ்வொருவராகத் தரகரிடம் விற்பவன் விலை சொல்லும் நிலையில் இல்லை. நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு லொறி பிடிப்பவன் விலை பேசலாம். வீதி வாய்ப்பைத் தரும். அதைப் பயன்படுத்தும் பலத்தை நாமே உண்டாக்க வேண்டும்.

புதிய வகை வீதி

பழைய 'ஏ' வீதிகளுக்கு மேலாக இப்போது 'ஈ' என்ற எழுத்தோடு அதிவேக நெடுஞ்சாலைகள் வந்துள்ளன. முதலாவது தெற்கு அதிவேக நெடுஞ்சாலை. கொழும்புக்கு அண்மையிலுள்ள கொட்டாவையிலிருந்து காலிக்கு அருகே பின்னதுவ வரை 2011 நவம்பர் 27இலும், மாத்தறை வரை 2014 மார்ச்சிலும், அம்பாந்தோட்டை வரை 2020 பெப்ரவரியிலும் திறக்கப்பட்டது. இன்று அதன் நீளம் 220 கிலோமீற்றருக்கும் அதிகம். கட்டுநாயக்க விமான நிலைய நெடுஞ்சாலை 2013 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. கொழும்பைச் சுற்றும் வெளிவட்ட நெடுஞ்சாலை 2014க்கும் 2019க்கும் இடையில் மூன்று கட்டங்களாக முடிந்தது. கண்டித் திசை நோக்கிய மத்திய அதிவேக நெடுஞ்சாலையில் மீரிகம முதல் குருநாகல் வரையான சுமார் 40 கிலோமீற்றர் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாத நிலைக்கு வந்தபோது, கடவத்தை–மீரிகம பகுதியின் வேலை நின்றுபோனது. 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. வடக்கிலும் கிழக்கிலும் இவ்வகை வீதி இதுவரை இல்லை.

'ஏ' வீதிக்கும் 'ஈ' வீதிக்கும் உள்ள வேறுபாட்டை விவசாயி ஒருவன் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். 'ஏ' வீதியோரத்தில் நாம் பூசணிக்காயை அடுக்கி வைத்து விற்கலாம், தேநீர்க்கடை போடலாம், உழவு இயந்திரத்தில் போகலாம், மாட்டைக் குறுக்கே கொண்டு போகலாம். 'ஈ' வீதி இருபுறமும் வேலி அடைக்கப்பட்டது. குறிப்பிட்ட சந்திகளில் மட்டுமே ஏறலாம், இறங்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு. முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம் என்பவற்றுக்கு அனுமதி இல்லை. ஏறும் சந்தி பத்து மைல் தள்ளி இருந்தால், வீட்டு வாசலால் போகும் வீதி அவ்வீட்டுக்குச் சத்தமும் தூசும் மட்டுமே.

இன்னொன்று தண்ணீர். இவ்வகை வீதி தாழ்நிலத்தில் வயலின் மட்டத்தில் போவதில்லை. மண் கொட்டி உயர்த்திய மேட்டின் மீது போகிறது. அந்த மேடு குளத்துக்கும் வயலுக்கும் இடையில் விழுந்தால், வாய்க்கால் போக மதகு எங்கே, எத்தனை அடி அகலம் என்பதே விவசாயியின் முதற் கேள்வியாக இருக்க வேண்டும். மதகு ஒடுங்கியதானால் மாரியில் மேற்புற வயல் மூழ்கும். கோடையில் கீழ்ப்புற வயல் காயும். வயல் ஒரு பக்கமும் வீடு மறுபக்கமுமாகப் பிரிந்தால், கீழ்ப்பாலம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் ஒவ்வொரு நாளும் சுற்ற வேண்டும். இவற்றை வரைபடம் கீறும் காலத்திலேயே கேட்க வேண்டும். கொங்கிறீற் போட்ட பின் கேட்டுப் பயனில்லை.

தெற்கத்திய கிராமங்கள் தந்த பாடம்

தெற்கு நெடுஞ்சாலைக்காகக் காணி இழந்தவர்கள் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர். நெல், இறப்பர், கறுவா செய்து வாழ்ந்த எம்மைப் போன்ற குடியானவர்கள். வீடு இழந்த குடும்பங்கள் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். அவர்களுக்கு நடந்ததை நாம் அறிந்திருப்பது அவசியம்.

வீதி போகும் கோடு முதலில் ஓரிடத்தில் கீறப்பட்டது. சுற்றாடல் ஆய்வு அந்தக் கோட்டுக்கே செய்யப்பட்டது. பின்னர் சில இடங்களில் கோடு மாறியது. புதிய கோட்டில் அகப்பட்ட குடும்பங்களிடம் எவரும் கேட்கவில்லை. தம் காணியால் வீதி போகாது என்று நம்பியிருந்தவர்கள், ஒருநாள் தம் காணியிலேயே அளவைக் கட்டைகளைக் கண்டார்கள். அவர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்கள். விடாமல் உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2004 ஜனவரியில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தலைமையில் வழங்கப்பட்ட தீர்ப்பு, வீதி வேலையை நிறுத்தவில்லை. நாட்டின் தேவை பெரிது என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் காணிக்காரர் சொல்வதைக் கேளாமல் கோட்டை மாற்றியது இயற்கை நீதிக்கு மாறானது என்றது. ஆகவே காணிச் சட்டப்படி கிடைக்கும் நட்டஈட்டுக்கு மேலதிகமாக இன்னொரு தொகையையும் அவர்களுக்குக் கொடுக்கும்படி கட்டளையிட்டது.

இத்தீர்ப்பின் கருத்தைக் கவனியுங்கள். காணியின் விலை வேறு, காணிக்காரனைக் கேட்கும் கடமை வேறு. விலையைக் கொடுத்துவிட்டால் கேட்க வேண்டியதில்லை என்று ஆகாது.

அவர்கள் நீதிமன்றத்தோடு நிற்கவில்லை. வீதிக்குக் கடன் கொடுத்த ஆசிய அபிவிருத்தி வங்கியிடமும் 2004இல் முறையிட்டார்கள். வங்கி தன் சொந்த விதிகளிற் சிலவற்றைப் பின்பற்றவில்லை என்று அதன் பரிசீலனைக் குழு 2005இல் கண்டது, திருத்தங்களையும் பரிந்துரைத்தது.

இத்திட்டத்தின் மூலம் இன்னும் இரண்டு நன்மைகள் வந்தன. ஒன்று, பிரதேச செயலாளர் தலைமையில் காணி சுவீகரிப்பு மற்றும் மீள்குடியமர்வுக் குழுக்கள் அமைக்கப்பட்டன. பாதிக்கப்பட்டவர் நேரில் போய் உட்கார்ந்து தன் இழப்பைச் சொல்லி, நட்டஈட்டைப் பேசித் தீர்க்க அங்கே வழி இருந்தது. வெறும் சந்தை விலையை மட்டும் பாராமல், அதே போன்ற ஒன்றை மீண்டும் அமைக்க என்ன செலவாகும் என்றும் பார்க்கப்பட்டது. இரண்டு, கட்டாய மீள்குடியமர்வு பற்றிய தேசியக் கொள்கையை 2001இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. காணிக்கு உறுதி இல்லாதவரும் நீதியாக நடத்தப்பட வேண்டும் என்பது அக்கொள்கையின் ஒரு பகுதி. எம்மில் பலர் உறுதி இல்லாமல் அரச காணியில் நெடுங்காலம் பயிர்செய்பவர்கள் என்பதால் இது எமக்கு மிக முக்கியமானது.

சட்டம் போகும் வழி

தனியார் காணியை அரசு பொதுத் தேவைக்கு எடுப்பது 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் கீழ். அதன் படிகளைச் சுருக்கமாகத் தருகிறோம்.

1. முதல் அறிவித்தல் (பிரிவு 2). இப்பகுதியில் பொதுத் தேவைக்குக் காணி வேண்டும் என்ற அறிவித்தல் காணியில் அல்லது அருகில் மும்மொழியிலும் ஒட்டப்படும். அதன்பின் அலுவலர்கள் உள்ளே வந்து அளக்கலாம். அளக்கும்போது பயிருக்குச் சேதம் வந்தால் அதற்கும் நட்டஈடு உண்டு.

2. ஆட்சேபனை (பிரிவு 4). இந்தக் காணியை எடுக்க எண்ணியுள்ளோம் என்ற அறிவித்தல் வரும். மறுப்பு இருந்தால் எழுத்தில் தெரிவிக்க 14 நாளுக்குக் குறையாத கால அவகாசம் தரப்பட வேண்டும். மறுப்பவரை அழைத்துக் கேட்கவும் வேண்டும். மதகைப் பற்றியும் கோட்டைச் சற்று விலத்துவது பற்றியும் பேசுவதற்கு உரிய நேரம் இதுவே.

3. பிரகடனம் (பிரிவு 5). அமைச்சர் காணி தேவை என்று வர்த்தமானியில் பிரகடனம் செய்வார். அதன்பின் 'தேவையா, இல்லையா' என்ற வாதத்துக்கு அநேகமாக இடமில்லை.

4. உரிமை கோரல் (பிரிவு 7). காணியில் உரிமை உள்ளவர்கள் வந்து தெரிவிக்கும்படி அறிவித்தல் வரும். குறிக்கப்படும் நாள், அறிவித்தல் ஒட்டிய நாளிலிருந்து 21 நாளுக்கு முந்தியதாக இருக்கக் கூடாது. என்ன உரிமை, எவ்வளவு நட்டஈடு கேட்கிறோம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டும். நேரில் வர முடியாதவர் எழுத்து மூலம் அதிகாரம் பெற்ற ஒருவரை அனுப்பலாம்.

5. விசாரணையும் தீர்மானமும். காணிக்குரியவர் யார், பெறுமதி என்ன என்று விசாரிக்கப்படும். காணியின் சந்தைப் பெறுமதி மட்டுமல்ல, மீதிக் காணி துண்டுபட்டுப் பயனிழப்பது, வீடு மாறும் செலவு முதலியனவும் கணக்கில் வரும். இறுதியில் பிரிவு 17இன் கீழ்த் தொகை அறிவிக்கப்படும்.

6. மேன்முறையீடு (பிரிவு 22). தொகை போதாது என்றால் 21 நாளுக்குள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையிடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிரிவு 38இன்படி அவசரம் என்று கருதினால் முதல் அறிவித்தலுக்குப் பின் எந்நேரத்திலும் காணியைக் கையேற்க அரசுக்கு அதிகாரம் உண்டு. பெரிய திட்டங்களில் இது பயன்படுத்தப்பட்டே வந்திருக்கிறது. அப்படி நடந்தால் ஆட்சேபனைக் காலம் எமக்குக் கிடையாமற் போகலாம். ஆனால் உரிமை கோருவதும் நட்டஈடு பெறுவதும் அற்றுப்போவதில்லை.

மரத்தில் ஒட்டிய கடதாசி

இப்போது அந்த முதிய விவசாயியிடம் திரும்புவோம். அவருடைய கேள்வியின் பின்னணி கூட்டம் முடிந்த பின்பே எமக்குத் தெரிந்தது. அவர் முகாமில் இருந்த காலத்தில், வயலின் வரம்போரத்து மருத மரத்தில் யாரோ ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது அது மழையில் கரைந்து, நான்கு மூலையில் ஆணி மட்டும் இருந்தது. வயலுக்குள் அளவைக் கட்டைகள் நின்றன. என்ன எழுதியிருந்தது, யார் எழுதினார்கள், எத்தனை நாள் தவணை என்று அவருக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

சட்டத்தின் படிகள் எல்லாம் ஓர் எண்ணத்தின் மீது கட்டப்பட்டவை. காணிக்காரன் தன் காணியில் இருக்கிறான், ஒட்டியதை வாசிப்பான் என்பதே அது. இடம்பெயர்ந்தவன் தன் காணியில் இல்லை. அவனுக்கு 14 நாளும் 21 நாளும் தொடங்கியதும் தெரியாது, முடிந்ததும் தெரியாது.

இது வீதிக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. 2025 மார்ச் 28இல் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் 5,940 ஏக்கர் காணி பற்றி ஒரு வர்த்தமானி வெளிவந்தது. உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் வர வேண்டும் என்றிருந்தது. உறுதியைப் போரில் இழந்தவர், வெளிநாட்டில் இருப்பவர், முகாமில் இருப்பவர் மூன்று மாதத்தில் எப்படி வருவது? எதிர்ப்புக் கிளம்பியது, வழக்குத் தொடரப்பட்டது, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, வர்த்தமானி மீளப் பெறப்பட்டது. கவனித்தவர்கள் இருந்ததாலேயே அது நடந்தது.

நாம் செய்யக் கூடியவை

வீதி வருமுன்பே செய்து வைக்கக்கூடியவை பல.

முதலாவதாக, காணிக்கென ஒரு கோவை தொடங்குங்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி பெறலாம். அனுமதிப்பத்திரம், அளவைப் படம், வரி கட்டிய பற்றுச்சீட்டு, மின்சாரப் பட்டியல், கமநல சேவைகள் நிலையத்தில் வயல் பதிவுசெய்த விபரம் என்பவற்றின் பிரதிகளைச் சேருங்கள். ஒரு பிரதியை வேறொரு வீட்டில் வையுங்கள். ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் வைத்து இழந்த அனுபவம் எமக்குப் போதும்.

இரண்டாவதாக, காணியில் உள்ளதை எழுதி வையுங்கள். கிணறு எத்தனை அடி, கல் கட்டியதா, பனை எத்தனை, தென்னை எத்தனை, பலா எத்தனை, வேலி எவ்வளவு, வயலில் ஒரு போகமா இரு போகமா. படமும் எடுத்து வையுங்கள். மதிப்பீட்டாளர் வரும் நாளில் வாயால் சொல்வதிலும் பார்க்க, முன்பே எழுதி வைத்த கணக்குக்கு மதிப்பு அதிகம்.

மூன்றாவதாக, காணியை விட்டு வேறிடத்தில் இருப்போர் தமது இப்போதைய விலாசத்தை, காணி அமைந்துள்ள பிரதேச செயலாளருக்கும் கிராம அலுவலருக்கும் பதிவுத் தபாலில் அறிவியுங்கள். தபாற் பற்றுச்சீட்டைக் கோவையில் வையுங்கள். 'காணிக்காரரைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று பின்னர் எவரும் எழுத முடியாதபடி இது உதவும்.

நான்காவதாக, காணிக்கு அருகில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரை அமர்த்துங்கள். மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து, ஏதும் ஒட்டப்பட்டிருந்தால் உடனே படமெடுத்து அனுப்பட்டும். உரிமை கோரும் நாளில் அவரே வர வேண்டுமானால், அதற்கான அதிகாரக் கடிதத்தை முன்பே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள்.

ஐந்தாவதாக, காணிக்காரர் இறந்திருந்தால் உரித்தாளர்கள் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். நட்டஈடு வரும் நாளில் சகோதரர்கள் சண்டையிட்டால் பணம் நீதிமன்றத்தில் தங்கும். வீதி வேலை தங்காது.

ஆறாவதாக, வீதி வரும் என்று கதை அடிபட்டால் கதையை நம்பாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, வீதி அபிவிருத்தி அதிகாரசபையிடமும் பிரதேச செயலகத்திடமும் கோட்டின் வரைபடத்தை எழுத்தில் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். 'வீதி வருது, இப்பவே வித்துப்போடு' என்று வரும் தரகர்களுக்குக் காணியை மலிவாக விற்று ஏமாறாதிருக்க இது நல்ல வழி.

ஏழாவதாக, தனியே போகாதீர்கள். கமக்காரர் அமைப்பும் மாதர் சங்கமும் சேர்ந்து போனால், மதகு, கீழ்ப்பாலம், வாய்க்கால் பற்றிய கேள்விக்குப் பதில் கிடைக்கும். வாசித்து விளங்காத எதிலும் கையொப்பம் வைக்க வேண்டாம். சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

அவருக்குரிய பதில்

வீதி எல்லோருக்கும் நல்லதா? கிழங்கு ஏற்றிய லொறிக்கு நல்லது. பிரசவ வேதனையில் துடிக்கும் தாயை ஏற்றிய வாகனத்துக்கு மிக நல்லது. அது மூடிக்கிடந்த காலத்தை அனுபவித்த நாம் வீதிக்கு எதிராகப் பேச முடியாது, பேசவும் மாட்டோம். ஆனால் இரண்டு ஏக்கரில் ஒன்றரை ஏக்கரை இழப்பவருக்கு அது நல்லதாவது மூன்று காரியங்கள் நடந்தால் மட்டுமே. கோடு கீறுமுன் அவரைக் கேட்க வேண்டும். கட்டடம் இடிக்குமுன் அவருக்குக் கொடுக்க வேண்டும். மீதி வயலுக்குத் தண்ணீர் போக வழி விட வேண்டும். 1848இல் கிராமத்தவனுக்கு இவற்றைக் கேட்க ஒரு சட்டமும் இருக்கவில்லை. இன்று சட்டம் இருக்கிறது. குறைபாடுள்ள சட்டந்தான், ஆனாலும் தெற்கத்திய கிராமத்தவர் அதைப் பிடித்துக்கொண்டு உயர் நீதிமன்றம் வரை நடந்தார்கள்.

அந்த முதியவர் பின்னர் தன் மகனோடு பிரதேச செயலகத்துக்குப் போனார். கோவையில் மூன்று கடதாசிகள் இருந்தன. வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டார். வயலின் ஓரத்தில் ஒரு துண்டு மட்டுமே வீதி அகலிப்புக்குள் அகப்படுகிறது என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அந்தத் துண்டுக்கு உரிமை கோரி எழுத்தில் கொடுத்தார். வாய்க்காலுக்கு மதகு வேண்டும் என்று அதே கடிதத்தில் ஒரு வரியும் சேர்த்தார். அந்த ஒரு வரியை எழுதத் தெரிந்திருப்பதே நாம் இங்கு இவ்வளவும் சொன்னதன் நோக்கம்.

கூடிப் பேசுவதற்கு

1. எமது கிராமத்தைச் சுற்றியுள்ள வீதிகளுள் தேசிய வீதி எது, மாகாண வீதி எது, பிரதேச சபை வீதி எது?

2. எமது கிராமத்துக் காணிகளில் எத்தனைக்கு உறுதி, எத்தனைக்கு அனுமதிப்பத்திரம், எத்தனைக்கு ஒன்றும் இல்லை? இல்லாதோருக்கு இந்த ஆண்டு என்ன செய்யலாம்?

3. எம்மூரில் காணி இருந்தும் இன்னும் திரும்பாதவர்கள் யார்? அவர்கள் காணியில் கடதாசி ஒட்டப்பட்டால் அவர்களுக்கு அறிவிக்க யார் பொறுப்பேற்பது?